கோடை உறக்கம் கேட்கும் வெங்காயங்கள்

இங்கிலாந்து, நெதர்லாந்து, கனடா போன்ற குளிர்நாடுகளில் தோட்டம் போடுகிறவர்களிடம் ஒரு பொதுவான புலம்பல் உண்டு. அலங்கார வெங்காயத்தின் கிழங்கை அக்டோபரில் நல்ல விலை கொடுத்து வாங்கி நடுகிறார்கள். அடுத்த மே மாதம் இடுப்புயரத் தண்டின் உச்சியில் ஊதா நிறப் பூப்பந்து வந்து நிற்கிறது. மறு ஆண்டு பந்து சிறுத்துவிடுகிறது. அதற்கடுத்த ஆண்டு இலை மட்டும் தலைகாட்டுகிறது. பிறகு அதுவும் இல்லை. செடியின் ஆயுளே அவ்வளவுதான் என்று நினைத்துப் பலர் புதுக் கிழங்கு வாங்கப் போய்விடுகிறார்கள். கிழங்கு விற்கிறவர்களுக்கு இதில் வருத்தம் இருக்க நியாயமில்லை.

ஆனால் இவை பல்லாண்டுத் தாவரங்கள். மத்திய ஆசிய மலைச்சரிவுகளில் யாரும் நடாமல், நீர் விடாமல், உரம் போடாமல் ஆண்டுதோறும் பூக்கிறவை. உரமும் நீரும் கிடைக்கிற தோட்டத்தில் மட்டும் ஏன் தேய்ந்து போகின்றன? அலங்கார வெங்காயத்தை எப்படி வளர்ப்பது, எப்படிப் பெருக்குவது என்று கேட்கிற எவரும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். செடி எப்போது தூங்குகிறது, அந்தத் தூக்கத்தில் அதற்கு என்ன தேவை என்பதை அறிந்தால் மற்றவை தாமாகவே தெளிவாகும் என்பது என் கருத்து.

சமையல் வெங்காயம், பூண்டு, லீக் எல்லாம் அடங்கிய அல்லியம் பேரினத்துக்கு லின்னேயஸ் 1753இல் முறைப்படி இடம் கொடுத்தார். இன்று அதில் ஏறத்தாழ ஆயிரம் இனங்கள் வரை கணக்கிடுகிறார்கள். அநேகமாக எல்லாமே வடகோளத்தில் பிறந்தவை. துருக்கியில் தொடங்கி ஈரான், ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான், கிர்கிஸ்தான் வரை நீளும் வறண்ட மலைநாடுகளில்தான் இவற்றின் வகைகள் மிகுதி. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி இரண்டாவது பெரிய உறைவிடம்.

தோட்டத்துக்கு வந்த பெரிய பந்துப்பூ இனங்களின் கதை ரஷ்யப் பேரரசோடு பின்னியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பேரரசு துருக்கெஸ்தானை விழுங்க விழுங்க, அங்கிருந்து செடிகளும் விதைகளும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவுக்கு வந்து குவிந்தன. அங்கே பொறுப்பில் இருந்த எடுவார்ட் ரேகல் அவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைத்தார். அகன்ற சாம்பல்பச்சை இலைகளோடு தரையை ஒட்டிப் பூக்கும் கரட்டாவியென்சே 1875இலும், ஆளுயரம் போகும் ஜைகான்டியம் 1883இலும் அவர் எழுதியவை. அவருடைய மகன் ஆல்பர்ட் ரேகல் அந்த நிலப்பகுதியில் மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டே செடி சேகரித்தார். இந்தச் செல்வத்தை வீட்டுத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் ஹாலந்தின் கிழங்கு வணிகர்கள். ஹார்லெம் நகரத்து வான் டியூபர்கன் நிறுவனத்தின் பங்கு அதில் பெரிது.

அந்த மலைச்சரிவுகளின் பருவத்தைக் கவனிக்க வேண்டும். குளிர்காலம் முழுதும் பனி. மார்ச்சில் பனி உருகி மண் நனைகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஈரமும் வெயிலும் சேர்ந்திருக்கின்றன. ஜூனில் சரிவு காய்ந்து விரிசல் விடுகிறது; இலையுதிர்காலம் வரை மழை அநேகமாக இல்லை. வெங்காயம் அந்த மூன்று மாதத்துக்குள் இலை விட்டு, பூத்து, விதை உதிர்த்து, வேரையும் உதறிவிட்டு மண்ணுக்குள் ஒடுங்கிவிடுகிறது. பார்க்கிறவனுக்கு அது செத்த நிலை. உண்மையில் அடுத்த ஆண்டுக்கான பூமொட்டு அப்போதுதான், சூடான காய்ந்த மண்ணுக்குள், கிழங்கின் நடுவே உருவாகிறது. இஸ்ரேலியத் தாவரவியலாளர் ரினா கமெனெட்ஸ்கியும் ஜெர்மனியின் காட்டர்ஸ்லேபன் ஆய்வு நிலையத்தில் இந்த இனங்களை வளர்த்து ஆராய்ந்த ரைன்ஹார்ட் ஃபிரிட்ஷும் இந்த உள்வாழ்க்கையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். மொட்டு உருவாகக் கோடைச் சூடு வேண்டும். உருவான மொட்டின் தண்டு நீளப் பல வாரக் குளிர் வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த ஆண்டு பூ இல்லை.

இப்போது ஓர் ஆங்கிலேயத் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். களிமண். ரோஜாவுக்கும் டெல்ஃபினியத்துக்கும் நடுவே வெங்காயம். ஜூலையில் ரோஜா வாடுகிறதென்று குழாய் திறக்கப்படுகிறது. உறங்க வேண்டிய கிழங்கு ஈரத்தில் கிடந்து ஊறுகிறது. அழுகாமல் தப்பினாலும் குளிர்ந்த ஈர மண்ணில் மொட்டு சரியாக உருவாவதில்லை. போதாக்குறைக்கு, பூக்கும் வேளையிலேயே இலை நுனிகள் பழுத்துத் தொங்குவது இந்த இனங்களின் வழக்கம். அழகுக்குக் கேடென்று அதை வெட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மறு ஆண்டுக் கிழங்குக்குச் சேமிப்புத் தரும் முக்கிய உறுப்பு அந்த இலைதான். சில ஆண்டுகளில் செடி மறைவதற்கு இந்த இரண்டுமே போதும்.

எதிர்ச் சான்று எசெக்ஸில் இருக்கிறது. பெத் சாட்டோ என்ற தோட்டக்கலைஞர் 1990களின் தொடக்கத்தில், பழைய கார் நிறுத்துமிடம் ஒன்றில் சரளைத் தோட்டம் அமைத்தார். இங்கிலாந்திலேயே மழை குறைந்த வட்டாரங்களில் அது ஒன்று. நட்டபின் குழாய்நீர் விடுவதில்லை என்பது அவர் வைத்த விதி. அங்கே அலங்கார வெங்காயங்கள் தேய்வதற்குப் பதில் தாமே விதைத்துப் பரவின. பாராட்டப்பட்ட இன்னொரு தோட்டம் க்ளோஸ்டர்ஷயரில் ரோஸ்மேரி வெரி அமைத்த பார்ன்ஸ்லி ஹவுஸ். லபர்னம் மரங்களின் மஞ்சள் சரங்கள் மேலே தொங்க, கீழே ஊதாப் பந்துகள் நிற்கும் அந்த நடைபாதையைப் படமெடுக்காத தோட்ட இதழ் இல்லை எனலாம். அந்தப் படத்தைப் பார்த்து நட்டவர்கள் ஏராளம். பெத் சாட்டோவின் சரளையைப் பார்த்து நட்டிருந்தால் புலம்பல் பாதியாகியிருக்கும்.

நடும் முறையில் பெரிய மர்மம் ஏதுமில்லை. கிழங்கின் உயரத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு ஆழம். பெரிய இனங்களுக்கு 15 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. இடைவெளி 20 முதல் 30 சென்டிமீட்டர். முழு வெயில். நீர் தேங்காத மண். களிமண்ணானால் சரளையும் கரடுமணலும் தாராளமாகக் கலக்க வேண்டும். தழைச்சத்து மிகுந்த உரம் இலையைக் கொழுக்கவைத்து நோயை அழைக்கும், சாம்பல்சத்து போதும். பழுக்கும் இலையை மறைக்க ஜெரேனியம் போன்ற தாழ்ந்த செடிகளை முன்வரிசையில் வைப்பது பழைய உத்தி. கோடையில் அந்த முன்வரிசைக்கும் நீர் அளவாகத்தான் போகவேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் கோடையில் உறங்கும் குலத்துக்கு. இன்னொரு குலம் இருக்கிறது. வேனிலெல்லாம் பச்சையாக நிற்பது. இதற்குப் பெரிய கிழங்கு கிடையாது. மண்ணுக்குள் தடித்த மட்டத்தண்டில் மெலிந்த கிழங்குகள் கொத்தாக ஒட்டியிருக்கும். சைவ்ஸ் என்று சமையலறையில் புழங்கும் செடி, பூண்டு மணமுள்ள சீன சைவ்ஸ், வட அமெரிக்காவின் தலைகவிழ்ந்து பூக்கும் செர்னூம், சைபீரியப் பக்கத்து செனெசென்ஸ் எல்லாம் இந்த வகை. இவற்றுக்குக் காய்ந்த கோடை தேவையில்லை, மிதமான ஈரம் பிடிக்கும். பூ சிறிது, ஆனால் சைவ்ஸைத் தவிர மற்றவை பெரிய பந்துகள் முடிந்த பிறகு, ஜூலை ஆகஸ்டில், தோட்டம் வெறிச்சோடும் நேரத்தில் பூக்கும். சிகாகோவின் லூரி தோட்டத்தில் டச்சு வடிவமைப்பாளர் பியெட் ஊடால்ஃப் ‘சம்மர் பியூட்டி’ என்ற ரகத்தைத் திரளாக நட்டு இதன் மதிப்பை ஊருக்குக் காட்டினார். ‘மில்லெனியம்’ என்ற கலப்பின ரகம் 2018இல் அமெரிக்காவில் ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாகத் தேர்வானது. விலைப்பட்டியலின் அட்டையில் எப்போதும் ஜைகான்டியமே இடம்பெறுகிறது. பராமரிக்க நேரமில்லாதவருக்கு நான் சொல்வது இந்த இரண்டாம் குலத்தைத்தான்.

பெருக்கும் முறைகளும் இந்தக் குலப் பிரிவைப் பின்பற்றியே அமைகின்றன. இரண்டாம் குலத்துக்கு வேலை எளிது. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, வசந்தத் தொடக்கத்திலோ பூத்து ஓய்ந்த பிறகோ, கொத்தைத் தோண்டிப் பிரித்து நட்டால் முடிந்தது. பிரிக்காமல் விட்டால் கொத்தின் நடுப்பகுதி நெருக்கத்தில் மெலிந்து பூ குறையும். முதல் குலத்தில் சில இனங்கள் தாய்க் கிழங்கைச் சுற்றிப் பக்கக் கிழங்கு விடும். மஞ்சள் பூ மோலி, முட்டைவடிவத் தலையுள்ள ஸ்ஃபேரோசெஃபலான் ஆகியவை தாராளம். இலை முற்றும் காய்ந்த கோடையில் தோண்டி, பிரித்து, காற்றோட்டமான நிழலில் வைத்திருந்து இலையுதிர்காலத்தில் நடலாம். ஜைகான்டியம் போன்ற பெரியவை இதில் மகா கஞ்சம். பல ஆண்டுக்கு ஒற்றைக் கிழங்காகவே இருக்கும். அதனால்தான் அவற்றுக்கு அந்த விலை.

இந்தக் கஞ்சத்தனத்துக்கு ஹாலந்து விவசாயிகளிடம் மாற்று இருக்கிறது. கிழங்கின் அடித்தட்டைக் கூரிய கத்தியால் குடைந்தெடுத்து, அல்லது கிழங்கையே செங்குத்தான கீற்றுகளாக அறுத்து, வெதுவெதுப்பான ஈரக்காற்றில் வைப்பது. நுனிமொட்டின் ஆதிக்கம் போய்விடுவதால் செதில்களின் அடியில் சிறு கிழங்குகள் முளைக்கும். ஹயாசிந்த் பூவுக்குப் பழகிய உத்தி இது. கத்தியும் கையும் சுத்தமாக இல்லாவிட்டால் பூஞ்சை முந்திக்கொள்ளும். கிடைக்கும் சிறு கிழங்கு பூக்கும் பருமனுக்கு வரச் சில ஆண்டுகள் ஆகும். ஒரே ஒரு கிழங்கு வைத்திருக்கிற வீட்டுத் தோட்டக்காரர் அதை அறுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. திசு வளர்ப்பு இதைவிட வேகமானது. அது ஆய்வகத்தின் சங்கதி.

பூத்தலையிலேயே குட்டிக் கிழங்குகள் தோன்றும் இனங்கள் சில உண்டு. அவற்றை ஆசையோடு அணுக வேண்டாம். வினியாலே என்ற காட்டுவெங்காயம் இப்படித்தான் பெருகி, அமெரிக்கக் கோதுமை வயல்களில் தீராத களையாகிவிட்டது. பிரிட்டனில் டிரைக்வெட்ரம், பாரடாக்சம் என்ற இரண்டு இனங்களையும் காட்டில் நட்டுப் பரப்புவது சட்டப்படி குற்றம். இரண்டுமே ஒரு காலத்தில் அழகுக்காகத் தோட்டத்துக்குள் அழைத்துவரப்பட்டவை.

விதைக்கு வருவோம். பொறுமையுள்ளவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. இதைவிடப் புறக்கணிக்கப்பட்ட வழியும் கிடையாது. வெங்காயக் குடும்பத்தின் கறுப்பு விதைக்கு ஆயுள் குறைவு. அறை வெப்பத்தில் ஓரிரு ஆண்டில் முளைப்புத்திறன் விழுந்துவிடும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் விரைவாக. ஆகவே அந்த ஆண்டு விதையை அந்த ஆண்டே விதைக்க வேண்டும். மத்திய ஆசிய இனங்களின் விதை கதகதப்பில் முளைக்காது. இலையுதிர்காலத்தில் தொட்டியில் விதைத்து, மேலே ஒரு விரல் கனத்துக்குச் சரளை தூவி, வெளியே குளிரில் விட்டுவிட வேண்டும். பல மாதக் குளிருக்குப் பின், பனி இன்னும் முழுதாக விலகாத நாட்களில், கொண்டை வளைந்த ஒற்றை இலை எட்டிப்பார்க்கும். அந்த ஓர் இலையோடு முதல் ஆண்டு முடிந்துவிடும். மே ஜூனில் நாற்று காய்ந்து மறையும்போது செத்துவிட்டதென்று தொட்டியைக் கொட்டிவிடுகிறார்கள். மண்ணுக்குள் மிளகளவு கிழங்கு இருக்கிறது. நீரை நிறுத்தி, தொட்டியை மழைபடாத இடத்தில் வைத்து, இலையுதிர்காலத்தில் மறுபடி நனைக்க வேண்டும். இரண்டு ஆண்டு அதே தொட்டியில் இருக்கட்டும். பூக்க மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு. ஜைகான்டியத்துக்கு இன்னும் கூடுதலாகவே ஆகலாம். முதல் விதைப்புக்குப் பின் ஆண்டுதோறும் ஒரு தொட்டி விதைத்து வந்தால், ஐந்தாம் ஆண்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒன்று பூக்கும். இப்படி வந்த செடி அந்தத் தோட்டத்து மண்ணையும் மழையையும் சிறுவயதிலேயே கண்டதாகையால், வாங்கிய கிழங்கைவிட நிலைக்கும்.

சைவ்ஸ் வகைகளுக்கு இந்தப் பாடு இல்லை. 15 முதல் 20 டிகிரியில் இரண்டு மூன்று வாரத்தில் முளைத்து இரண்டாம் ஆண்டே பூக்கும்.

விதை பரப்புவதில் ஷூபெர்ட்டி என்ற இனத்தின் சாமர்த்தியம் தனி. கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளைச் சேர்ந்தது. அதன் பூக்காம்புகள் சில குட்டை, சில மிக நீளம். மத்தாப்பு வெடித்து நிற்கிற நொடியைப் போல ஒரு தலை. காய்ந்ததும் அந்தத் தலை தண்டிலிருந்து ஒடிந்து, காற்றில் உருண்டு, போகிற வழியெல்லாம் விதை சிந்தும். தோட்டத்தில் அதை உருளவிட இடமில்லாததால் பூச்சாடியில் உலர்பூவாக வைக்கிறார்கள்.

விதை வழியில் ஒரு சிக்கல் உண்டு. இயற்கை இனத்துக்கு விதை சரி. பெயரிட்ட ரகத்துக்குச் சரியில்லை. ‘பர்ப்பிள் சென்சேஷன்’ உலகெங்கும் விற்கும் அடர் ஊதா ரகம். அது தாராளமாக விதை உதிர்க்கும்; அந்த நாற்றுகள் தாயைவிட வெளிறிப் பூக்கும். நாற்றும் தாயும் ஒரே பாத்தியில் கலந்து, அந்தக் கலவையே அதே பெயரில் விற்பனைக்கு வருவதால் இன்று வாங்குகிற கிழங்கில் நிறம் உறுதியில்லை. இதன் தாய் இனத்தின் பெயரே நெடுங்காலம் தவறாக வழங்கியது. கிர்கிஸ்தானைச் சேர்ந்த அஃப்லாட்டுனென்சே என்ற பெயரில் ஹாலந்து விற்றுவந்த செடி அந்த இனமே இல்லை என்று காட்டி, 1993இல் ஃபிரிட்ஷ் அதற்கு ஹாலண்டிகம் என்று புதுப்பெயர் கொடுத்தார். விலைப்பட்டியல்களில் பழைய பெயர் இன்னும் போகவில்லை. பெரிய தலையுள்ள ‘குளோப்மாஸ்டர்’ போன்ற கலப்பினங்களோ மலடு. விதை பிடிக்காததால் பூ நெடுநாள் நிற்கிறது. பெருக்கக் கிழங்கைத் தவிர வழியில்லை. இயற்கை இனமானால் விதை, ரகமானால் கிழங்கு என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும்.

நோய்களில் அஞ்ச வேண்டியது வெண்ணழுகல். இதன் பூஞ்சை கடுகைவிடச் சிறிய கறுப்பு உருண்டைகளாக மண்ணில் 15 ஆண்டுக்கு மேலும் கிடக்கும். வெங்காய வேரிலிருந்து கசியும் கந்தகச் சேர்மம் பட்டதும் விழித்துக்கொள்ளும். அது வந்த பாத்தியில் வெங்காயக் குடும்பத்தையே மறந்துவிட வேண்டும். காய்கறிப் பாத்திக்கு அருகே, மூலம் தெரியாத கிழங்கை நடுவது வினையை விலைக்கு வாங்குவது. துருநோய் இலையைக் கெடுக்குமே தவிரச் செடியைக் கொல்வது அரிது. ஐரோப்பாவிலிருந்து 2002இல் பிரிட்டனிலும் 2015இல் அமெரிக்காவிலும் தெரியவந்த இலைதுளைக்கும் ஈ ஒன்று பரவிக்கொண்டிருக்கிறது. வலை போடுவதே காப்பு. மானும் முயலும் வாசனைக்கு அஞ்சி விலகும், தேனீ மொய்க்கும். நாயும் பூனையும் தின்றால் அவற்றின் சிவப்பணுக்கள் சிதையும் என்பதால் வீட்டுப் பிராணி உள்ளவர்கள் கிழங்கைத் தரையில் போட்டு வைக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் இவற்றை வளர்க்க முடியுமா என்று கேட்பவர்கள் உடனே ஊட்டியைச் சொல்வார்கள். குளிர் இருக்கிறதே! இருக்கிறது, பாதிதான். டிசம்பர் ஜனவரி இரவுகளில் உறைபனி விழுந்தாலும் பகல் இதமாகிவிடுகிறது. நீடித்த குளிர் இல்லை. அதைவிடப் பெரிய தடை மழை. கிழங்கு காய்ந்து உறங்க வேண்டிய ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே தென்மேற்குப் பருவமழை. குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பதப்படுத்திய கிழங்கை ஒரு பருவம் பூக்கவைக்கலாம். அது நிலைக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். மலைவாசிகளுக்கு அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்த நீல அகபாந்தஸ் இருக்கிறது. சமவெளிக்குக் கோடைமழையோடு செம்பந்தாகப் பூக்கும் ஃபுட்பால் லில்லி இருக்கிறது. அதுவும் உறவுதான், ஆப்பிரிக்கக் கிளை.

அல்லியமே வேண்டுமென்றால் வெப்பத்தைத் தாங்கும் ஒன்று உண்டு: சீன சைவ்ஸ். தாவரவியலில் அதன் பெயர் அல்லியம் டியூபரோசம். அந்தப் பெயரைச் சூட்டியவர் தரங்கம்பாடிக்கு 1776இல் வந்து, பின் சென்னை வேப்பேரியில் வாழ்ந்து 1836இல் மறைந்த ராட்லர் பாதிரியார். தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்த அதே ராட்லர்தான். ஓய்ந்த நேரமெல்லாம் செடி சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். தாவரவியலாளர் ஸ்ப்ரெங்கல் 1825இல் அந்தப் பெயரை அச்சேற்றியபோது பெயரின் ஆசிரியராக ராட்லரையே குறித்தார். மணிப்பூரில் இந்தக் கீரை அன்றாடச் சமையலில் இருக்கிறது. தாய்லாந்தில் மொட்டுத் தண்டை வதக்கித் தின்கிறார்கள். தட்டையான இலை, வெள்ளை நட்சத்திரப் பூங்கொத்து. உறக்கம் கேட்காது. இதன் விதையிலும் ஒரு விசேஷம்: மகரந்தம் வந்து சேர வேண்டும், ஆனால் கரு பெரும்பாலும் கருவுறாமலே உருவாகிறது. ஆகவே விதையில் வரும் நாற்றும் அநேகமாகத் தாயின் நகல்.

விதையா, கிழங்கா என்ற கேள்வி நம் சின்ன வெங்காய விவசாயிக்கும் புதிதல்ல. கிழங்கு நட்டால் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 1,500 கிலோ விதை வெங்காயம் வேண்டும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம் நன்றாகப் பூத்து விதை பிடிப்பதால் சில கிலோ விதையில் அதே நிலம் நிரம்புகிறது. அலங்காரத் தோட்டக்காரர் விதையைப் புறக்கணிப்பதைப் பார்த்தால் பெரம்பலூர் விவசாயிக்கு வியப்பாகத்தான் இருக்கும்.

டொரன்டோவிலோ லண்டனிலோ இருக்கும் வாசகர் அக்டோபரில் பந்துப்பூ இனங்களான கிறிஸ்டோஃபி அல்லது ஹாலண்டிகம் கிழங்கு பத்து வாங்கி, வெயில்படும் சரளை மண்ணில் நட்டு, கோடையில் அந்தப் பக்கம் குழாயைக் கொண்டுபோகாமல் இருந்து பார்க்கட்டும். பூத்ததும் இரண்டு தலையை மட்டும் விதைக்கு விட்டால் போதும். சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர் சீன சைவ்ஸைத் தொட்டியில் தொடங்கலாம். பூ வாடியதும் தலையைக் கிள்ளிவிடுங்கள். விட்டால் பக்கத்துத் தொட்டியெல்லாம் அதுவாகத்தான் இருக்கும்.